பொங்கியண்ணன் நினைவு வனம்

மே 12, செவ்வாய்

பெயின்ட் கம்பெனிக்காரர் ஜனவரியில் இலவசமாகக் கொடுத்த டைரி இது. இத்தனை மாதம் மேசைக்கு அடியில் கிடந்தது. இன்று முதல் எழுதுகிறேன். நேற்றுச் சங்கக் கூட்டத்தில் தலைவர் சொன்னார்: "பொது வாழ்க்கையில இருக்கறவங்க அன்னன்னிக்கு நடந்தத எழுதி வெக்கணும் ஜி. நாளைக்கு வரலாறு கேக்கும்." வரலாறு காங்கயம் வரைக்கும் வருமா என்பது தெரியாது. வந்தால் கையில் இருக்கட்டும்.

என் பெயர் தெய்வசிகாமணி. கடைவீதியில் முப்பது வருடமாக ஹார்டுவேர் கடை. மனைவி காலமாகிவிட்டாள். கடையைப் போன வருடம் மகன் நந்தகோபாலிடம் ஒப்படைத்தேன். நானாகத்தான் ஒப்படைத்தேன். அவன் கல்லாவுக்குப் புதுப் பூட்டு வாங்கியதும் நான் ஒப்படைத்ததும் ஒரே வாரத்தில் நடந்ததால் ஊரில் சிலர் வேறு மாதிரி பேசுகிறார்கள். என் நாற்காலியை அவன் வெளியே பிவிசி பைப்புகளுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறான். நல்ல காற்றோட்டம்.

இப்போது நான் பசுந்துளிர் நண்பர்கள் சங்கத்தின் செயலாளர். தலைவர் டாக்டர் கிருபாகரன். டாக்டர் பட்டம் தபாலில் வந்தது. ஜூன் ஐந்து உலகச் சுற்றுச்சூழல் தினம். அன்றைக்கு ஆயிரம் மரக்கன்று நடும் சங்கத்துக்கு மாவட்டக் கூட்டமைப்பு கேடயம் தருகிறது. கன்று தயார், பிளெக்ஸ் தயார், சாமியானா தயார். நிலம்தான் இல்லை. எல்லோரும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் எழுந்து, "எங்கக்கா காடு நாலு ஏக்கரா இருக்குதுங்க. சும்மாதான் கெடக்குது" என்றேன். கை தட்டினார்கள். கடையில் முப்பது வருடத்தில் ஒருவரும் எனக்குக் கை தட்டியதில்லை.

மே 14, வியாழன்

அக்கா பாவாத்தாளைப் பார்த்துவிட்டு வந்தேன். ஊரிலிருந்து தள்ளி, தன் கொறங்காட்டு நடுவில் ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறாள். கொறங்காடு என்பது உழாமல் விட்ட மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவிலும் கிளுவை வேலி, நான்கு துண்டு. ஒரு துண்டில் மாடு மேய்ந்து புல் இறங்கியதும் அடுத்த துண்டுக்கு ஓட்டிவிடுவாள். அடிவரை மேய விடமாட்டாள். மே மாதத்தில் கொழுக்கட்டைப் புல் காய்ந்து பழைய பாய் நிறத்தில் நிற்கிறது. பார்க்க லட்சணமே இல்லை.

"சும்மா கெடக்குதுன்னு எவன்டா சொன்னது?" என்றாள்.

"ஊர்ல பேசிக்கறாங்க."

"ஊருக்கு என்ன தெரியும்? அஞ்சு மாடு, அதுக்குப் பொறவு ஆடு, எல்லாம் இதுலதான் வருசம் முச்சூடும் வயிறு ரொப்புது. சும்மா கெடக்கற காடு பால் ஊத்துமாடா?"

பிறகு அவள் மகன் பூபதியைப் பற்றிய புலம்பல். கோயம்புத்தூரில் ஐந்தாவது மாடியில் ஃபிளாட் வாங்கியிருக்கிறான். தினமும் போனில் ஒரே பாட்டாம், மாட்டை விற்றுவிட்டு வந்துவிடுங்கள் என்று.

"நானும் சொல்லிப்போட்டேன். மாடு மேயற வரைக்கும் நான் இங்கதான். என்னிக்குப் புல்லு இல்லாமப் போகுதோ அன்னிக்கு வாரேன்னேன். கொறங்காட்டுல புல்லு எப்படி இல்லாமப் போகும்?"

"நான் இருக்கறப்போ உனக்கென்னக்கா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அப்புறம் மெதுவாக விஷயத்தை அவிழ்த்தேன். செத்துப்போன மாமா பெயரை வைக்கப்போகிறோம், 'பொங்கியண்ணன் நினைவு வனம்', ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி பெரிய போர்டு. அக்கா உள்ளே போய் மாமாவின் போட்டோவைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். இந்த யோசனை என்னுடையது. தலைவருக்குக்கூடத் தோன்றவில்லை.

"ரோட்டோரத் துண்டு மட்டும் எடுத்துக்க. வேலியத் தொட்றாத. காத்துக் காலம் வருது. ஐப்பசியில நட்டா ஆகாதா?"

"உலகச் சுற்றுச்சூழல் தினம் ஜூன்லதானக்கா வருது."

"உலகத்துக்கு ஜூன்ல மழ பெய்யும். நமக்குக் காத்துதான அடிக்கும்?"

அது உண்மைதான். கேரளத்தில் மழை பிடித்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக எங்களுக்குக் காற்று மட்டும் வந்து சேரும். மழையை அவர்களே வைத்துக்கொள்வார்கள். அதற்காக உலகம் அக்காவின் வசதிக்குத் தேதியை மாற்றிக்கொள்ளுமா?

மே 19, செவ்வாய்

தலைவர் நிலத்தைப் பார்வையிட்டார். காரிலிருந்து இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினார். "என்ன ஜி, எல்லாம் செத்த புல்லா இருக்குது? வீடியோவுல அசிங்கமா இருக்குமே" என்றார். ட்ரோன் வைத்திருக்கும் தம்பியும் கூட வந்திருந்தார். ஒரு துண்டு மட்டும் என்றால் மேலிருந்து பார்க்கக் கைக்குட்டை மாதிரி தெரியுமாம். நான்கும் வேண்டும், நடுவில் வேலி வரக் கூடாது, தரை ஒரே நிறமாக இருந்தால் கன்றுகள் எடுப்பாகத் தெரியும் என்றார்.

தலைவர் என்னைப் பார்த்தார். "எங்கக்காதானுங்க. நான் சொல்லிக்கறேன்" என்றேன்.

மே 21, வியாழன்

அக்காவிடம் சொல்ல நேரம் அமையவில்லை.

மே 22, வெள்ளி

இன்று அக்காவின் பேத்திக்குக் காது குத்து. அக்கா கோயம்புத்தூர் போனாள். நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் பஸ் ஏற்றினேன். ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தேன். "தம்பின்னா உன்னையாட்ட இருக்கோணும்" என்று பக்கத்தில் இருந்த அம்மாளிடம் சொன்னாள். ஜேசிபிக்காரருக்கும் இன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லையாம். நான் கேட்டதும் இன்றைக்குத்தான் என்பதால் பொருத்தமாகப் போயிற்று.

சாயந்திரத்துக்குள் வேலை முடிந்தது. கிளுவை வேலி முழுவதையும் வேரோடு பிடுங்கி மேற்கு மூலையில் குவித்தார்கள். வெள்வேலா மரங்களையும் சாய்த்தார்கள். ரோட்டோர மரம் ஒன்றை மட்டும் ஜேசிபியால் அசைக்க முடியவில்லை. பிறகு டிராக்டரில் ரொட்டவேட்டர் மாட்டி இரண்டு ஓட்டு. புல் கட்டை ஒன்றுகூட மிச்சமில்லை. நிலம் மொட்டையடித்துக் குளித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி சிவப்பாக, சுத்தமாக இருந்தது. கண் நிறைந்துபோயிற்று. இந்த ஊரில் ஒருவன் தன் காட்டை இப்படிச் சுத்தமாக வைத்திருந்தால்தான் அவனை விவசாயி என்பார்கள்.

மே 24, ஞாயிறு

அக்கா வந்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்துப் பிஸ்கட்டும் மாம்பழமும் வாங்கிப்போனேன். அவள் திட்டவில்லை. காட்டுக்குள் நடந்துபோனாள். ஒரு பிடி மண்ணை எடுத்து விரலைத் திறந்தாள். மண் கீழே விழவில்லை, பக்கவாட்டில் போயிற்று.

"எல்லாத்தையுமாடா?"

"ட்ரோனுக்கு வேணும்னு சொல்லிட்டாங்கக்கா."

"ட்ரோனுங்கறவன் எத்தன மாடு வெச்சிருக்கறான்?"

கட்டுத்தரையில் மாடுகள் ஐந்தும் ஓலைக்கொட்டகை நிழலில் நின்று பழக்கமில்லாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. அதில் மயிலைப் பசு அக்காவின் குரல் கேட்டால்தான் பால் விடும். தீவனத்தைச் சங்கம் பார்த்துக்கொள்ளும், லோடு லோடாகச் சோளத்தட்டு வந்து இறங்கும், இரண்டு வருடத்தில் இங்கே காடு நிற்கும் என்று சொன்னேன்.

"அதுவரைக்கும் மாடு வாயக் கட்டிக்கிட்டு நிக்குமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மாம்பழத்தைத் தொடவில்லை. பெரிய காரியம் செய்கிறபோது வீட்டு ஆட்களிடம் ஆதரவு இருக்காது என்று தலைவர் அடிக்கடி சொல்வார்.

மே 30, சனி

காற்று ஆரம்பித்துவிட்டது. விசிறி தேவையில்லை.

ஜூன் 5, வெள்ளி

விழா சிறப்பாக நடந்தது. எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

காலை முதலே காற்று மேற்கிலிருந்து வீசியது. ஒன்பது மணிக்குச் சாமியானா எழுந்து கிழக்குத் தோட்டத்துக்குப் போய்விட்டது. சமையல்காரர் இரண்டு பேரை அனுப்பி மீட்டோம். பிளெக்ஸை ஆறு பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதிலே தலைவரின் படம் ஆளுயரத்துக்கு இருந்தது. மாமாவின் படம் தபால்தலை அளவில் கீழே மூலையில் இருந்தது. அக்கா கிட்டப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள். ட்ரோனைப் பறக்கவிட முடியாது என்று தம்பி சொல்லிவிட்டார். நிலத்தைச் சுத்தம் செய்யச் சொன்னவரே அவர்தான் என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை. நாகரிகம் என்று ஒன்று இருக்கிறது.

சிறப்பு விருந்தினர் பொன்னாடையை முகத்தில் சுற்றிக்கொண்டு பேசினார். பொன்னாடை இவ்வளவு உபயோகமாக இருந்து நான் பார்த்ததில்லை. தலைவர் மைக்கைப் பிடித்து, "தரிசாக் கெடந்த இந்த மண்ணை" என்று ஆரம்பித்தபோது அந்த மண் நேராக அவர் வாய்க்குள் போயிற்று. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். மகாகனி, நீர்மருது என்று தண்ணீர் கேட்கிற மரமாகப் பார்த்துத்தான் கன்று வாங்கியிருந்தோம். இலை பெரிதாக இருந்தால் படத்துக்கு நல்லது.

ஒரே ஒரு அபஸ்வரம். வேளாண் கல்லூரியிலிருந்து நஸீமா என்று ஒரு பேராசிரியை. மேடை நிறைவாக இருக்கட்டும் என்று கூப்பிட்டது. இரண்டு வார்த்தை வாழ்த்தச் சொன்னால், அம்மையார் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார்.

"இது தரிசு இல்லீங்க, புல்வெளி. புல் நிக்கிற வரைக்கும் காத்து அதோட தலைக்கு மேலதான் போகும், தரையைத் தொடாது. காஞ்ச புல்லா இருந்தாலும் சரி, வேரும் கட்டையும் மண்ணைப் புடிச்சு வெச்சிருக்கும். மேல இருக்கற ஒரு விரக்கடை மண்ணுலதான் சத்தும் புல்லு விதையும் இருக்கு. இப்ப நம்ம எல்லார் சட்டையிலயும் ஒட்டியிருக்கறது அதுதான்."

நான் செயலாளர் என்ற முறையில் 'நேரமில்லை' என்று துண்டுச்சீட்டு அனுப்பினேன். அவர் படித்துவிட்டு மைக்கைக் கீழே வைத்தார். கீழே இறங்கி நேராக அக்காவிடம் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். போன் நம்பர் கொடுத்தது போலத் தெரிந்தது.

சாப்பாடு தக்காளி சாதம். எல்லோரும் இரண்டு வாய் தின்றுவிட்டுக் கரகரவென்று மென்றபடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஜூன் 14, ஞாயிறு

பேப்பரில் படம் வந்தது. பின்னால் தெரிகிற பசுமை இங்கே எடுத்தது இல்லை. ட்ரோன் தம்பி எங்கோ ஊட்டிப் பக்கம் எடுத்ததைச் சேர்த்திருக்கிறார்.

இன்று போய்ப் பார்த்தேன். மேற்குப் பக்கம் நட்ட கன்றுகள் வேர் தெரிய நிற்கின்றன. கிழக்குப் பக்கம் நட்டவை கழுத்துவரை புதைந்திருக்கின்றன. ஆக, பாதிக்கு மண் இல்லை, பாதிக்கு மண் அதிகம். சராசரி சரியாகத்தான் இருக்கிறது. கிழக்குத் தோட்டத்துக்காரர் ரோட்டில் மறித்து, அவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் செம்மண் இறங்கிவிட்டது, பெண்டாட்டி சோறாக்கிப் போடமாட்டேன் என்கிறாள் என்று பிடித்துக்கொண்டார். நினைவு வனத்தின் பயன் பக்கத்துத் தோட்டத்துக்கும் கிடைக்கிறதே என்று சொல்ல நினைத்து, அவர் கையில் மண்வெட்டி இருந்ததால் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. வடக்கே ஒட்டினாற்போல் இன்னொருவர் கொறங்காடு இருக்கிறது. அதே காற்று, அதே செம்மண். அங்கே புல் மேய்ந்துபோய்க் கணுக்கால் உயரத்துக்குக் காய்ந்த கட்டைதான் நிற்கிறது. ஆனால் அவர் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பொட்டு மண் அசையவில்லை. இந்தப் பக்கம் நான் நிற்கும்போதே செருப்பு புதைகிறது. வெகு நேரம் நின்று பார்த்தேன். அது வேறு ரக மண்ணாக இருக்க வேண்டும்.

ஜூன் 28, ஞாயிறு

சங்கம் ஒரு லோடு சோளத்தட்டு அனுப்பியது. பாதி பூஞ்சணம் பிடித்தது. அக்கா பிரித்துப் பிரித்துப் போடுகிறாள். மயிலைக்கு விலா எலும்பு தெரிகிறது. இரண்டாவது லோடு கேட்டதற்குத் தலைவர், "நம்ம சங்கம் மரத்துக்குத்தான் ஜி, மாட்டுக்கு வேற சங்கம் இருக்கும்" என்றார். அக்காவிடம் அடுத்த வாரம் வரும் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆட்டை எல்லாம் விற்றுவிட்டாளாம். நான் கேட்டுத்தான் சொன்னாள்.

ஜூலை 10, வெள்ளி

அக்காவுக்கு என்ன பிடிவாதம் என்று எழுத வேண்டும். அந்தப் பேராசிரியையிடம் போனில் பேசிக்கொண்டு, இரண்டு பெண்களைக் கூலிக்கு அழைத்து, மேற்கு மூலையில் குவித்துக் கிடந்த கிளுவை முள்ளை இழுத்து வந்து, காற்றுக்குக் குறுக்கே வரிசை வரிசையாகக் காடெங்கும் பரப்பியிருக்கிறாள். மேலே ஆட்டுப் புழுக்கை வேறு. நாங்கள் பாடுபட்டுச் சுத்தம் செய்த இடம் குப்பைமேடாகிவிட்டது.

"வயித்தக் கட்டிக் கூலி குடுத்துப் போட்டிருக்கறேன். மண்ணு நிக்குது பாரு" என்று கூட்டிப்போய்க் காட்டினாள். ஒவ்வொரு முள் வரிசைக்குப் பின்னாலும் மண் படிந்திருந்தது. நேற்றுத் தூறிய நாலு துளிக்கே ஒன்றிரண்டு பச்சை மூக்கு நீட்டியிருந்தது. அக்கா அதைப் பார்த்துச் சிரித்தாள். விழாவுக்குப் பிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

"ஐப்பசி மழ வரைக்கும் இது இப்படியே கெடந்தாப் போதும். புல்லு வந்துரும்னு அந்த அம்மிணி சொல்லுது. அதுவரைக்கும் மூணு மாட்டக் குடுத்துப்போட்டு ரெண்ட எப்படியாச்சும் ஓட்டிருவேன். மயிலைய வுடமாட்டேன்."

நல்லது என்றேன். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜூலை 19, ஞாயிறு

நாளைக்குக் கேடயக் கமிட்டி பார்வையிட வருகிறது. தலைவர் காலையில் வந்து பார்த்தவர், இந்த முறை காரைவிட்டு இறங்கினார்.

"என்ன ஜி இது? நினைவு வனம்னு போர்டு வெச்சுட்டு முள்ளுக் காடா வெச்சிருக்கீங்க? கமிட்டி பாத்தா நம்ம கதி என்ன? அடுத்த வருசம் உங்களைத் தலைவராக்கலாம்னு நான் பேசிட்டிருக்கறேன்."

பட்ட கன்றுகளுக்குப் பதில் தொட்டிக் கன்றுகளை வண்டியில் கொண்டுவந்து புதைப்பது, டேங்கர் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்குவது, முள்ளை அகற்றுவது என்று முடிவாயிற்று. முள்ளை ஏற்றிக்கொண்டு போக லாரி கிடைக்கவில்லை. அதனால் அங்கேயே கூட்டி எரித்தோம்.

அக்கா கட்டுத்தரையிலிருந்து ஓடிவந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததில்லை. அறுபத்தேழு வயது.

"சிகாமணி, இது ஒண்ண வுட்றுடா. ஐப்பசி வரைக்கும்தான் கேக்கறேன். கேடயம் அடுத்த வருசம் வாங்கிக்க. இதுவும் போச்சுன்னா நான் இங்க இருக்க முடியாது."

"ஒரு நாளைக்குத்தானக்கா. கமிட்டி போனதும் திரும்பப் போட்டுத் தர்றேன்."

"எரிச்சுப்போட்டு எதடா போடுவ?"

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் ஆட்களைப் பார்த்து, ஆகட்டும் என்றேன். போர்டுக்குப் பின்னால் மரத்தடியில் கிடந்ததை மட்டும் விட்டுவிட்டோம். பிளெக்ஸ் மறைப்பதால் கமிட்டி கண்ணுக்குத் தெரியாது.

ஜூலை 20, திங்கள்

கமிட்டிக்கு நல்ல திருப்தி. ஒருவர் மட்டும் கண்ணில் தூசி விழுந்து காரிலேயே இருந்தார். முன்பு இந்த நிலம் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். சும்மா கிடந்தது என்றேன்.

ஆகஸ்ட் 3, திங்கள், ஆடி பதினெட்டு

காற்று உச்சத்தில் இருக்கிறது. காட்டில் இப்போது மண் என்று சொல்ல ஏதுமில்லை. சரளைக் கல் மேலே வந்துவிட்டது. நடந்தால் காலைக் குத்துகிறது.

பூபதி தரகரோடு வந்திருந்தான். ஐந்து மாட்டையும் லாரியில் ஏற்றினார்கள். நான்கு ஏறிவிட்டன. மயிலை ஏறவில்லை, பலகையில் காலை வைப்பதும் இழுத்துக்கொள்வதுமாக இருந்தது. கடைசியில் அக்காவே போய்க் கழுத்தைத் தடவி, "ஏறு சாமி" என்றாள். அவள் சொன்னதும் ஏறிவிட்டது.

நல்ல மாடுகள், யாரோ விவசாயிதான் வளர்க்க வாங்குகிறார் என்று தரகர் சொன்னார். விசாரித்துப் பேசுகிற நல்ல மனிதராகத் தெரிந்தார். லாரி மேற்கே பாலக்காட்டு ரோட்டில் திரும்பியது. பூபதி என்னிடம், "ரொம்ப நன்றிங்க மாமா. நாலு வருசமா நான் பேசியும் நடக்கல" என்று கையைப் பிடித்துக் குலுக்கினான். பையன் மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

அக்கா வீட்டைப் பூட்டிக் காரில் ஏறினாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். கார்க் கண்ணாடியை ஏற்றச் சொன்னாள், தூசி வருகிறதாம்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

கேடயம் கிடைத்தது. முதல் பரிசு. தலைவர் வாங்கினார், நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். அக்காவுக்கு அழைப்பிதழ் அனுப்பியிருந்தேன். வரவில்லை. தலைவர் பதவியைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

கேடயத்தைத் தலைவர் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். எனக்கு அதன் போட்டோவை வாட்ஸப்பில் அனுப்பினார்.

செப்டம்பர் 9, புதன்

தலைவர் போன் செய்தார். அடுத்த ஜூனுக்கு இன்னும் பெரிதாகச் செய்ய வேண்டும், கூட்டமைப்பு இந்த முறை முழுத் தரிசாகத்தான் நிலம் கேட்கிறதாம், புல்பூண்டு இருக்கக் கூடாதாம். "உங்கக்கா காடு அப்படியே பொருத்தமா இருக்குது ஜி. இப்ப யாரும் வந்து அது தரிசு இல்லைனு சொல்ல முடியாது பாருங்க" என்றார்.

நான் வாடிக்கையாளர் வந்திருப்பதாகச் சொல்லிப் போனை வைத்தேன். பிவிசி பைப்புகளைத் தவிர அருகில் யாரும் இல்லை.

அக்டோபர் 21, புதன்

செயலாளர் பதவியை ராஜினாமா செய்தேன். உடல்நிலை என்று காரணம் எழுதினேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. வேறு எந்தக் காரணம் எழுதினாலும் அவர்கள் அதையும் பேப்பரில் போட்டுவிடுவார்கள்.

நவம்பர் 8, ஞாயிறு

ஐப்பசி மழை வந்து மூன்று வாரமாகிறது. பைப்புப் பக்கம் உட்கார முடியவில்லை, ஒழுகுகிறது. உள்ளே வந்து உட்காரச் சொன்னான் நந்தகோபால். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனேன். போகவேண்டிய வேலை ஒன்றும் இல்லை.

வடக்குக் கொறங்காடு பச்சைப் பசேல் என்று இருந்தது. மாடுகள் முகம் தெரியாமல் குனிந்து மேய்ந்துகொண்டிருந்தன. அக்காவின் காட்டில் மழைத் தண்ணீர் சரளையில் விழுந்து, நிற்க இடமில்லாமல், கலங்கிச் சிவந்து ரோட்டுப் பள்ளத்துக்கு ஓடியது. முளைத்தது என்று எதுவும் கண்ணில் படவில்லை. ஆயிரம் கன்றில் ஒன்றுகூட இல்லை. போர்டின் பிளெக்ஸ் கிழிந்து போய்ச் சட்டம்தான் நின்றது.

அந்தச் சட்டத்துக்குப் பின்னால் மரத்தடியில், நாங்கள் எரிக்காமல் விட்ட முள்ளுக்கு நடுவில், ஒரு பாய் அகலத்துக்குக் கொழுக்கட்டைப் புல் வந்திருந்தது. நல்ல புல். மழையில் நனைந்துகொண்டே அதன் பக்கத்தில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் செய்தேன். மூன்று மாதத்தில் முதல்முறையாக எடுத்தாள்.

"அக்கா, புல்லு மொளச்சிருக்குதுக்கா."

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது.

"எந்தப் பக்கம்?"

"போர்டுக்குப் பொறத்தால. முள்ளு கெடந்த எடத்துல."

"கொழுக்கட்டையா?"

"ஆமாக்கா. முழங்கால் ஒசரம் வந்திருச்சு."

"அதுல எதையும் மேய வுட்றாத. விதை உளுகட்டும்."

அவள் பழைய மாதிரி பேசியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றிவிட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், "நீ வந்துருக்கா. வடக்கால இருந்து கிளுவை ஒடிச்சு நானே வேலி நடறேன். பூபதிகிட்ட நான் பேசறேன். மாடு வாங்கிக்கலாம். மயிலையவே தேடிப் புடிச்சுத் திருப்பி வாங்கிக்கலாம்" என்றேன்.

"மயிலை எங்க இருக்குதுன்னு உனக்குத் தெரியுமாடா?"

"தெரியாதுக்கா. விசாரிக்கறேன்."

"எனக்குத் தெரியும்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

எனக்கும் தெரியும். லாரி மேற்கே, அடிமாடு ஏற்றிப் போகிற ரோட்டில் திரும்பிய அன்றைக்கே தெரியும். இதில் எழுதவில்லை.